இத்தாலி வேலைக்குப் பணம் கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பதிப்பில் கொஞ்ச காலமாக ஒரு வகை வரி விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. 'இத்தாலியில் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, பண்ணை வேலை. மாதம் இரண்டரை லட்சம். மொழித் தேர்வு கிடையாது. குடும்பத்தோடு குடியேறலாம்' என்று நாலு வரி, கீழே ஒரு கைபேசி எண். நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை, அரசுப் பதிவு எண்ணும் இல்லை. இதே வாசகத்தை மார்த்தாண்டம் மேம்பாலத் தூணிலும் கருங்கல் பேருந்து நிலையத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். பதிவு எண் இல்லாத வெளிநாட்டு வேலை விளம்பரங்களை இனி அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் தாருங்கள்.

நான் கருங்கல் பக்கத்துக்காரி. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்து எங்களை வளர்த்தாள். 2011 கடைசியில் நான் ரோம் நகருக்குப் போனேன். வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். மகள் படித்ததும் வீடு எழும்பியதும் அந்தச் சம்பளத்தில்தான். அதனால் இத்தாலிக்குப் போகாதீர்கள் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். எப்படிப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

போன வருஷம் என் உறவுக்காரர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "சித்தி, நமக்கு இத்தாலி சரியாச்சு, நாலு லெச்சம் கொடுத்தாச்சு" என்று சந்தோஷமாக வந்து ஒரு காகிதத்தைக் காட்டினான். அந்த நாட்டு அரசு முத்திரை மாதிரி ஒன்று, கீழே இத்தாலிய எழுத்து. வாங்கிப் படித்தேன். முதலாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் இருந்தது. வேலை எந்த மாகாணத்தில் என்றே இல்லை. அவன் அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலியும் ரப்பர் நின்ற நிலத்தின் பத்திரமும் அடகுக்குப் போயிருந்தன. ஏஜெண்டின் போன் இப்போது அணைந்து கிடக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு 24 வயது. இப்போது கடனை அடைக்கக் கேரளாவில் கட்டட வேலைக்குப் போகிறான்.

இத்தாலி வேலை விசா உண்மையில் எப்படிக் கிடைக்கிறது என்பது தெரிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். விண்ணப்பம் போடுகிறவர் நாம் இல்லை, அங்கே இருக்கும் முதலாளி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து எத்தனை பேரை எடுக்கலாம் என்று இத்தாலிய அரசு ஆணை போட்டு அறிவிக்கிறது. 'தெக்ரேத்தோ ஃப்ளுஸ்ஸி' என்று பெயர். 2023 முதல் 2025 வரை மொத்தம் 4,52,000 பேர் என்று சொன்னார்கள். 2026 முதல் 2028 வரைக்கு 4,97,550 பேர், அதில் 2026-க்கு 1,64,850. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, முதலாளிகள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளை அங்கே 'கிளிக் டே' என்பார்கள். 2023 டிசம்பரில் 1,36,000 இடத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் குவிந்தது. இடம் கிடைத்தால் அந்த மாகாணத்துக் குடியேற்ற அலுவலகம் முதலாளிக்கு 'நுல்லா ஒஸ்தா' என்கிற அனுமதிக் கடிதம் தரும். அதில் முதலாளி யார், எங்கே, என்ன வேலை எல்லாம் இருக்கும். ஆறு மாதம்தான் அது செல்லும். அதை வைத்துத்தான் நாம் இங்கே விசா கேட்க வேண்டும். நீண்ட கால விசாவுக்குக் கட்டணம் 116 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடம் இந்த வழியில் எங்குமே இல்லை.

இன்னொரு விஷயம் எந்த விளம்பரத்திலும் வராது. பண்ணை வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வரும் பெரும்பாலான இடங்கள் பருவகால வேலை. ஒரு வருஷத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த அனுமதி கிடையாது. அதைத்தான் 'குடியேறலாம்' என்று விற்கிறார்கள். முறையாக வேலை செய்து, வேறு ஒப்பந்தம் கிடைத்து, அனுமதியை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் முதலாளி நிஜமாக இருந்து, ஒப்பந்தம் போட்டு, சமூகக் காப்பீடு கட்டினால்தான் அது நடக்கும்.

முதலாளி நிஜமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இத்தாலிய அரசுக்கே தெரியும். 2024 ஜூனில் பிரதமர் ஜார்ஜா மெலோனி இதை மாஃபியா எதிர்ப்புத் தலைமை வழக்கறிஞரிடமே கொண்டுபோனார். அங்கே நுழைய ஓர் ஆளுக்கு 15,000 யூரோ வரை பறிக்கிறார்கள் என்றும், கம்பானியா பகுதியில் பருவகால வேலைக்கு அனுமதி வாங்கியவர்களில் மூன்று சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள் என்றும் அவரே சொன்னார். மீதிப் பேரை நினைத்துப் பாருங்கள். விமானம் இறங்கியதும் முதலாளி இல்லை. ஊரில் கடன் நிற்கிறது. கையில் அனுமதி இல்லை. யார் எந்த வேலையைச் சொன்னாலும் என்ன கூலி கொடுத்தாலும் போக வேண்டியதுதான்.

அதே ஜூன் மாதம் ரோமுக்குத் தெற்கே லாத்தினா மாகாணத்தில் சத்னாம் சிங் என்ற பஞ்சாபித் தொழிலாளியின் கை பண்ணை இயந்திரத்தில் சிக்கி அறுந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் தங்கியிருந்த வீட்டின் அருகே போட்டுவிட்டுப் போனார்கள். அறுந்த கையை ஒரு பழப்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஜூன் 19 அன்று இறந்துபோனார். அவருக்கு முறையான ஒப்பந்தமோ அனுமதியோ இல்லை. அடுத்த மாதமே வெரோனா பக்கத்தில் 33 இந்தியத் தொழிலாளிகளைக் காவல்துறை மீட்டது. ஆளுக்கு 17,000 யூரோ கொடுக்க வேண்டும் என்று பேசிக் கூட்டிவந்து, வாரம் ஏழு நாளும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், மணிக்கு 4 யூரோ கூலியில் வைத்திருந்தார்கள். கூட்டிவந்தவர்களும் இந்தியர்கள்தான். இதை நான் எழுதும்போது என் உறவுக்காரப் பையனின் முகம்தான் எனக்குத் தெரிகிறது. அந்தக் காகிதம் கொஞ்சம் நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் அவனும் அங்கே ஒரு வயலில் நின்றிருப்பான்.

சரி, முறையாகப் போனவர்களின் வாழ்க்கை எப்படி? அதையும் நான் சொல்ல வேண்டும். இங்கே பேசப்படுவது சம்பளம் மட்டும்தான். அங்கே வெளிநாட்டுக்காரரின் வாழ்க்கையை நடத்துவது அனுமதி அட்டை. 'பெர்மெஸ்ஸோ' என்போம். போய் இறங்கி எட்டு வேலை நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் ஒரு உறை தருவார்கள். அதில் உள்ள படிவத்தை நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷம் வரையான அனுமதிக்குத் தபால் செலவு, அட்டைக் கட்டணம், அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 126 யூரோவுக்கு மேல் ஆகும். பிறகு காவல்துறையின் குடியேற்றப் பிரிவில் கைரேகை. புதுப்பிக்கும்போது மறுபடியும் இதே. 60 நாளில் தர வேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை தபால் நிலையத்தில் கொடுத்த ரசீதுதான் நம் உயிர். அதை வைத்து வேலை செய்யலாம், ஊருக்கும் வந்து போகலாம். ஆனால் வேறு ஐரோப்பிய நாட்டு விமான நிலையம் வழியாக வரக் கூடாது. தோஹா, துபாய், அபுதாபி வழியாகத் திருவனந்தபுரம் வரலாம். டிக்கெட் மலிவு என்று பாரிஸ் வழியாகவோ பிராங்க்பர்ட் வழியாகவோ போட்டு, ரோமிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, தகப்பனின் அடக்கத்துக்கு வர முடியாமல்போன ஒருவரை எனக்குத் தெரியும். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை.

வீடும் அப்படித்தான். வீட்டுக்காரர் நம் பெயரை அந்த முகவரியில் பதிய ஒப்புக்கொள்ள வேண்டும். பல பேர் வரி கூடும் என்று பயந்து ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அடையாள அட்டை கிடைக்காது, மற்ற எல்லாக் காரியமும் இழுக்கும். குடும்பத்தை அழைக்க வேண்டுமென்றால் வீட்டின் அளவுக்குச் சான்றிதழ், வருமானக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். 2024 கடைசியில் வந்த சட்டப்படி கணவனையோ மனைவியையோ அழைக்க இரண்டு வருஷம் சட்டப்படி அங்கே இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. 'குடும்பத்தோடு குடியேறலாம்' என்கிறவர் இதில் எதையாவது சொல்கிறாரா?

ஓட்டுநர் வேலை என்று சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தை அங்கே மாற்றித் தர மாட்டார்கள். குடியிருக்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்குப் பிறகு அது செல்லாது. இத்தாலிய மொழியில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 20 நிமிடத்தில் 30 கேள்வி, மூன்று தவறுக்கு மேல் போனால் தோல்வி. நாகர்கோவிலில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவருக்கும் இதுதான்.

நான் பார்த்த வேலைக்கு நல்ல சட்டம் இருக்கிறது, அதையும் நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டோடு தங்குகிறவருக்கு வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. இரவில் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு. ஞாயிறு முழு நாளும் வேறொரு நாளில் அரை நாளும் விடுப்பு. அந்த அரை நாள் பெரும்பாலும் வியாழன் பிற்பகல். வருஷத்துக்கு 26 நாள் சம்பளத்தோடு விடுமுறை. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். வேலையை விடும்போது பணிக்கொடை. சம்பளம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு யூரோ என்ற அளவில் இருக்கும். யூரோ நூறு ரூபாயைத் தொட்ட இந்தக் காலத்தில் அது நம் கணக்குக்கு நல்ல தொகைதான், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களுடையது. ஆனால் இரண்டரை லட்சம் இல்லை. தனியாக வாடகைக்கு இருக்கிறவர்கள் மிலான் மாதிரி ஊரில் ஒரு அறைக்கே 600, 700 யூரோ கொடுக்கிறார்கள். எங்களுக்காக முதலாளி கட்டும் சமூகக் காப்பீடும் வீண்போகாது. 1996-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து ஊர் திரும்பிய நம்மைப் போன்றவர்கள், கட்டிய வருஷம் குறைவாக இருந்தாலும், 67 வயதில் அதற்குரிய ஓய்வூதியம் கேட்கலாம். ஊர் திரும்பிய நம் மாவட்டத்துப் பெண்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே 'பாத்ரொனாத்தோ' என்கிற தொழிலாளர் உதவி அலுவலகங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. தொழிற்சங்கங்களும் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பும் நடத்துபவை. ஓய்வூதிய விண்ணப்பத்தைக் காசு வாங்காமல் பார்த்துத் தருவார்கள்.

விடுப்பு நாளில் பியாத்சா வித்தோரியோ பக்கத்துச் சந்தைக்குப் போவோம். கறிவேப்பிலை, மரச்சீனி, ஏத்தங்காய் எல்லாம் கிடைக்கும். மலையாளி நர்சுகள், பஞ்சாபிகள், வங்கதேசத்துக் கடைக்காரர்கள் என்று அது ஒரு தனி உலகம். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இலங்கைத் தமிழர்கள் நிறைய. ஒரு விடுமுறைக்கு அங்கே ஒரு அக்கா வீட்டுக்குப் போனபோது, பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக் கோவிலுக்கு அழைத்துப் போனார். சைவக் குடும்பங்கள் விபூதியோடு வந்து அந்தப் புனிதையிடம் வேண்டிக்கொண்டு நின்றார்கள். அந்த அக்காவின் மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பலேர்மோ பாஷை பேசுகிறவள். 18 வயதுவரை அவளும் அனுமதி அட்டைக்காரிதான். அதற்குப் பிறகு ஒரே வருஷத்துக்குள் குடியுரிமை கேட்டு எழுத வேண்டும். நம்மைப் போல் போய்க் குடியேறியவர்களுக்குப் பத்து வருஷம் சட்டப்படி இருந்திருக்க வேண்டும் என்பது 1992 சட்டம். அதை ஐந்தாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொது வாக்கெடுப்பு நடந்தது. பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். வந்தவர்கள் 30 சதவீதம்தான், அதனால் அது செல்லாமல்போனது. பத்து வருஷம் என்பது அப்படியே நிற்கிறது.

நான் போய்ச் சில மாதத்தில், 2012 பிப்ரவரி 15 அன்று, 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படையினர் இருவர் சுட்டதில் நம் மாவட்டத்து மீனவர் ஒருவரும் கொல்லம் மீனவர் ஒருவரும் இறந்தார்கள். அங்கே தொலைக்காட்சி முழுக்க அந்த இரண்டு கடற்படையினரைப் பற்றித்தான். நகராட்சிக் கட்டடங்களில் அவர்கள் படத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்ட அம்மையார் ஒருநாள், "செத்தவர்கள் உன் ஊர்க்காரர்களா?" என்று கேட்டார். ஒருவர் எங்கள் கடற்கரைக்காரர் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். 2021-இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாட்டு மக்களிடம் எனக்குக் குறை இல்லை. அங்கே தவிக்கிற நம்மவர்களில் பலரைத் தவிக்கவிட்டது இங்கே பணம் வாங்கியவர்கள்.

நர்சிங் படித்த பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நர்சிங் கல்லூரி. இத்தாலியில் நர்ஸ் பற்றாக்குறை நிஜம். 2024-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஒராத்சியோ ஸ்கில்லாச்சி இந்தியாவிலிருந்து 10,000 நர்சுகளை எடுக்கப் போவதாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே ஏஜெண்டுகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்த பிள்ளைகளிடம் பணம் வாங்கி, வீட்டுப் பணி அனுமதியில் அனுப்பப் பார்க்கிறார்கள். 'போய் இறங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொள்ளலாம்' என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்சாக நிற்க வேண்டுமென்றால் படிப்புக்கு அங்கீகாரமும் நோயாளியோடு பேசுகிற அளவுக்கு இத்தாலிய மொழியும் வேண்டும். முதலில் மொழியைப் படியுங்கள். வருஷக்கணக்கில் வீட்டுக்குள் இருந்துவிட்டால் படித்த படிப்பு கைவிட்டுப் போகும். அப்படிப் போன பெண்கள் என் கூடவே இருந்தார்கள், இரவில் பாத்திரம் கழுவியபடி அழுதவர்கள் உண்டு.

2022 மே 15 அன்று நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்த நாளில், ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேரைப் பேதுரு சதுக்கத்தில் பார்த்தேன். நம் பாஷையைக் கேட்டதில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேசியவர்களில் பாதிப் பேர் கேட்டது, "இங்கே நம்ம பிள்ளைக்கு ஒரு வேலை பார்த்துத் தருவியளா" என்றுதான். அந்த ஆசையில் குற்றம் இல்லை. வழி கேட்கிறவர்களுக்குச் சரியான வழியைச் சொல்ல மாவட்டத்தில் ஒரு இடம் வேண்டும்.

ஆகவே தங்களிடம் மறுபடியும் கேட்கிறேன். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். தராதவரின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். கட்டணம் எவ்வளவு என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வாரம் ஒருமுறை போடலாம். இந்திய அரசின் வெளிநாடு வாழ் தொழிலாளர் உதவி எண் 1800 11 3090. இத்தாலியில் சுரண்டலில் சிக்கியிருப்பவர்கள் இலவசமாக அழைக்கும் எண் 800 290 290. இரவும் பகலும் எடுப்பார்கள். புகார் சொல்லி விசாரணைக்கு உதவுபவருக்குத் தனி அனுமதி கொடுக்க அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. அனுமதி இல்லாததால் பயந்து அடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியது அவசியம்.

மாவட்ட ஆட்சியர் அவர்களும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், மாதம் ஒருமுறையாவது, வெளிநாட்டு வேலைக் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடலாம். மாநில அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அருமனையிலும் நீரோடியிலும் இருப்பவர்கள் சென்னைக்குப் போக முடியாது. பங்குத்தந்தையர்களும் ஞாயிறு அறிவிப்புகளில் இதைச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

அந்த மேசை வரும்வரை, என் கண்ணும் இத்தாலிய மொழியும் கை கொடுக்கிற அளவுக்கு நானே படித்துச் சொல்லத் தயார். யாரிடமும் காசு வாங்க மாட்டேன். என் கைபேசி எண்ணைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள். நுல்லா ஒஸ்தாவின் நகலும் பாஸ்போர்ட் நகலும் ஏஜெண்ட் கொடுத்த ரசீதும் கொண்டுவந்தால் போதும். பணம் கட்டும் முன் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இத்தாலியிலிருந்து ஊர் திரும்பிய வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.